தீவகத்து நன்னீர்: எல்லையும் சிறுபெயர்ச்சியும்

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடந்த தீவுகளுக்குத் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லெய்டன் எனப்பட்டது. புங்குடுதீவு மிடில்பேர்க் என்றும், நயினாதீவு ஹார்லெம் என்றும், அனலைதீவு றொற்றடாம் என்றும், நெடுந்தீவு டெல்ஃப்ற் என்றும் ஏடுகளிற் பதியப்பட்டன. இவற்றுள் டெல்ஃப்ற் என்பது ஒன்றே ஆங்கில வழக்கிற் பெரிதும் நிலைத்தது. ஏனையவற்றை ஊரவர் ஏற்கவுமில்லை, நினைவிற் கொள்ளவுமில்லை. ஆயின் ஆள்வோரின் வீட்டு நினைவாக மட்டுமே இடப்பட்ட இப்பெயர்களுக்கு, ஏறத்தாழ 230 ஆண்டுகள் கழிந்தபின், எவரும் எதிர்பாராத ஒரு பொருத்தம் வந்து வாய்த்தது. கடல் சூழ்ந்த நிலத்தின் அடியில் நன்னீர் எவ்வாறு தங்குகின்றது என்பதை விளக்கும் விதி, அம்ஸ்ரடாம் நகருக்கு அண்மையில் தோண்டப்படவிருந்த ஒரு கிணற்றைக் குறித்து எழுதப்பட்ட அறிக்கையிலேயே வெளிவந்தது. அந்த அம்ஸ்ரடாமுக்குப் பொருந்திய விதி காரைதீவாகிய இந்த அம்ஸ்ரடாமுக்கும் பொருந்துவதாயிற்று.

தீவகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் துறைமுகங்களையும் கோயில்களையுமே எழுதுவர். அது தவறன்று. எனினும், ஆறில்லாத, மலையில்லாத, வடகீழ்ப் பருவமழை ஒன்றையே பெரிதும் நம்பியுள்ள இச்சிறு நிலத்துண்டுகளில் மனிதர் எவ்வாறு குடியிருந்தனர் என்ற வினா அவ்வரலாறுகள் எல்லாவற்றுக்கும் முன் நிற்பது. நயினாதீவின் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீற்றர். தீவுகளுட் பெரியவற்றுள் ஒன்றாகிய நெடுந்தீவே சுமார் 50 சதுர கிலோமீற்றர்தான். எங்கு நின்றாலும் கடல் தொலைவிலில்லை. இருந்தும் கிணறு தோண்டினால் குடிக்கத்தக்க நீர் கிடைத்தது.

பழைய சான்றுகள் இவ்வினாவுக்கு நேரான விடை தருவனவல்ல. ஆயினும் குறிப்புத் தருவன. மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவம் என்னும் தீவில் கோமுகி என்ற பொய்கை கூறப்படுகின்றது. அமுதசுரபி வெளிப்படுவதும் அப்பொய்கையிலிருந்தே. மணிபல்லவத்தை நயினாதீவென்று கொள்வோருளர், மறுப்போருமுளர். அந்த வழக்கு எவ்வாறு முடியினும், கடல் நடுவே தீவொன்றில் நன்னீர்ப் பொய்கையை வைத்துப் பசிதீர்க்கும் பாத்திரத்தை அதிலிருந்தே எழச்செய்த புலவர், தீவில் நன்னீர் எத்துணை அரிய பொருள் என்பதை அறிந்தவர் என்றே கொள்ளலாம். நயினாதீவிற் கிடைத்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கா. இந்திரபாலா அதனை 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளித்தல் பற்றியும், யானை குதிரை ஏற்றிவரும் மரக்கலங்கள் உடைந்தால் அவற்றின் பொருளில் அரசுக்குச் சேரவேண்டிய பங்கு பற்றியும் அது பேசுகின்றது. நீரைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆயினும் யானைகளும் குதிரைகளும் கரையிறங்கும் துறையொன்றில் அவற்றுக்கு வார்க்க நீர் இருந்திருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

தீவக மக்கள் அந்நீரை எடுத்த முறைகள் அவர்தம் சொற்களிலேயே பதிந்துள்ளன. மணற்பாங்கான கரையோரத்திற் சிறு குழி தோண்டி ஊறும் நீரை முகந்தெடுப்பது பூவல். ஆழமற்ற, கட்டற்ற நீர்நிலை துரவு. கல்லை உடைத்து இறக்கியது கிணறு. கிணற்றில் துலா இட்டு, அதன்மேல் ஒருவர் நடந்து மிதிக்க, மற்றொருவர் பனையோலைப் பட்டையால் இறைத்தனர். ஒருநாள் இறைப்புக்குப் பின் கிணற்றை ஊறவிடுவதும், நீர் 'சவர்' தட்டத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்வதும் எழுதப்படாத சட்டங்கள். மனிதனின் காலும் கையும் இறைக்கக்கூடிய அளவே எல்லையாக இருந்தமையால் அச்சட்டங்கள் மீறப்படுவதும் அரிதாயிற்று. பூவல் தோண்டுபவர் ஆழமாகத் தோண்டுவதில்லை என்பது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஓரடி கூடுதலாகத் தோண்டினால் நீர் கூடும் என்று வெளியூரவர் எண்ணுவர். உவர் ஏறும் என்பதைக் கரையூரவர் அறிவர். நெடுந்தீவிலோ நீரின் அருமை இன்னும் கடியது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அங்கே குதிரைகள் வளர்க்கப்பட்டன. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தீவை நிருவகித்த நோலன் என்பாரின் பெயர் அக்குதிரைகளோடு சேர்த்துப் பேசப்படுகின்றது. இன்று கட்டாக்காலிகளாகத் திரியும் குதிரைகள் அவற்றின் வழிவந்தவையே. கடுங்கோடையில் அவை நீரின்றி மடிவதும் உண்டு.

இவ்வனுபவ அறிவுக்குக் கணித உருவம் கிடைத்தது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆகும். 1828 இல் டுகொமன் என்பவர் அமெரிக்காவில் இதன் அடிப்படையை எடுத்துக் கூறினார். அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஒல்லாந்துப் படைப் பொறியியலாளராகிய பாடன் கெய்பென் 1889 இல் வெளிவந்த அம்ஸ்ரடாம் அறிக்கையிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901 இல் வடகடற் தீவுகளின் நீர்வழங்கலைப் பற்றிய கட்டுரையிலும், ஒருவர் முடிவை மற்றவர் அறியாமலே ஒரே விதியைக் கண்டனர். விதி மிக எளியது. நன்னீரின் அடர்த்தி 1 எனின் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. எனவே நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், அதனைத் தாங்குவதற்குக் கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இறங்கி நிற்கும். தீவின் நடுவில் தடித்தும் கரைகளில் மெலிந்தும் அமைவதால் இந்நீர்த் திரளுக்கு 'வில்லை' என்று பெயர். கண்ணாடி வில்லையைப் போன்ற அவ்வடிவமே தீவின் செல்வம் முழுவதும்.

விதியின் மறுபக்கமே அச்சந்தருவது. மேலே ஓரடி இழக்கப்பட்டால் கீழே 40 அடி இழக்கப்படும். கிணற்றில் இறைப்பவன் காண்பது ஓரடியை மட்டுமே.

வில்லையின் வடிவத்தைக் கணித்தல் கணிதத்தில் எல்லைப் பெறுமானப் பிரசினம் எனப்படும் வகையைச் சேர்ந்தது. நிலத்தினுள்ளே நீரோட்டத்தை ஆளும் வகையீட்டுச் சமன்பாடு ஒன்று. கரையில் நன்னீரின் உயரம் பூச்சியம் என்ற எல்லை நிபந்தனை மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கின்றன. நீண்ட, ஒரே அகலமுள்ள தீவொன்றை எடுத்துக்கொண்டால், எவ்விடத்திலும் நீர்மட்ட உயரத்தின் வர்க்கம், அவ்விடத்திலிருந்து இரு கரைகளுக்கும் உள்ள தூரங்களின் பெருக்கத்துக்கு நேர்விகித சமமாக அமையும். நடுவில் வில்லையின் தடிப்பு தீவின் அகலத்துக்கே நேர்விகித சமம். அகலம் பாதியாயின் தடிப்பும் பாதியாகும், நீரின் மொத்த அளவோ காற்பங்காகும். சிறுதீவுகள் பெருந்தீவுகளைவிட ஏன் இத்துணை வறியன என்பதற்கு இதுவே காரணம். நயினாதீவை வேலணையோடு ஒப்பிட்டுச் சோம்பலையோ தெய்வக்குற்றத்தையோ தேடவேண்டியதில்லை.

இனி, எல்லை சிறிது பெயர்ந்தால் என்ன நிகழும்? இரண்டு கிலோமீற்றர் அகலமுள்ள தீவொன்றின் இரு கரைகளும் கடலரிப்பால் 10 மீற்றர் உட்பெயர்ந்தன என்று கொள்க. மேற்கூறிய சூத்திரத்தின்படி, தீவின் நடுவிலுள்ள கிணற்றில் வில்லையின் தடிப்பு ஒரு வீதமே குறையும். பழைய கரையிலிருந்து 100 மீற்றர் தூரத்திலிருந்த கிணற்றில் ஐந்து வீதத்துக்குச் சற்று மேற்பட்டுக் குறையும். 20 மீற்றர் தூரத்திலிருந்த கிணற்றிலோ ஏறத்தாழ 30 வீதம் அற்றுப்போகும். பெயர்ச்சி ஒன்றே, நடுவூரார் அதனை உணரார், கரையூரார் கிணற்றையே இழப்பர். விடை எங்கும் ஒரே வகையாக மாறுவதில்லை. எல்லையை ஒட்டிய ஒடுங்கிய படையிலேயே மாற்றம் குவிகின்றது. தீவகத்தில் மீன்பிடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் கரையோரமாகவும், பழைய கமக்காரர் குடியிருப்புகள் உட்பகுதியிலும் அமைந்தமையை நோக்கும்போது, இக்கணிதத்தின் சுமை யார்மீது விழுந்தது என்பதும் புலனாகும்.

கடல்மட்டம் உயர்தலைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1901 க்கும் 2018 க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. இதனை 40 ஆற் பெருக்கி, எட்டு மீற்றர் நன்னீர் போயிற்று என்று சிலர் அவசரப்பட்டுக் கூறுவதுண்டு. நிலம் போதிய உயரமுடையதாயின் கடலோடு நிலத்தடி நீர்மட்டமும் சேர்ந்து உயரும்; வில்லை ஏறத்தாழ முழுமையாகவே மேலெழுந்து நிற்கும்; இழப்புச் சிறிதே. ஆனால் நிலம் தாழ்ந்து கிடந்து, உயர்ந்துவரும் நீர் தரவையிலும் வாய்க்காலிலும் வெளிப்பட்டுக் கடலிற் கலந்துவிடுமாயின், நீர்மட்டம் உயர வழியில்லை. அங்கேதான் ஒன்றுக்கு நாற்பது என்ற கொடிய கணக்கு முழுவலியோடு செயற்படும். ஆகவே கடல் எவ்வளவு உயர்ந்தது என்பது மட்டுமன்று, எந்த எல்லை நிபந்தனை நிலவுகின்றது என்பதும் அறியப்படல் வேண்டும். தீவகத்தின் தாழ்ந்த தரவை நிலங்கள் இரண்டாம் வகையையே பெரிதும் ஒத்தன.

மேலும், இதுவரை கூறியவை மணலைப் போன்று சீரான நிலத்துக்கே செப்பமாகப் பொருந்துவன. குடாநாடும் தீவுகளும் பெரும்பாலும் மயோசின் காலச் சுண்ணக்கல்லால் ஆனவை. அக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. நீர் கசிந்து செல்வதோடு ஓடியும் செல்லும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது வில்லை விதிக்குச் சிறந்த சான்று. ஆனால் அடுத்தடுத்த இரு கிணறுகளில் ஒன்று இனிக்க மற்றொன்று கரிப்பதும் இந்நிலத்திற் காணப்படுவதே. வெடிப்பொன்று எங்கே செல்கின்றது என்பதைச் சூத்திரம் அறியாது.

பெயர்ச்சி இடத்தில் மட்டும் நிகழ்வதன்று, காலத்திலும் நிகழ்கின்றது. தீவகக் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவானதே. எனினும் கரையோரக் கிணறுகளில் நீர் அதனோடு ஏறி இறங்கும். கரையிலிருந்து தூரம் கூடக்கூட ஏற்றம் குறைந்து, தாமதம் வளரும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கிணற்று மட்டத்தை விரைவில் உயர்த்தும். ஆயின் அடியில் நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் மட்டம் அவ்வளவு விரைவிற் கீழிறங்காது. இறைப்பின்போதும் அப்படியே. மேல்மட்டம் மணிக்கணக்கிற் தாழும். கீழ்மட்டம் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பின்தொடர்ந்து உயரும். கிணறு இன்று கரிப்பது இன்றைய இறைப்பால் அன்று.

இன்றைய மாற்றம் முந்திய ஒரு வேளையின் நிலையில் தங்கியிருப்பதை எழுதும் சமன்பாடுகளை வகையீட்டு-வித்தியாசச் சமன்பாடுகள் என்பர். மிக எளியதொன்றை எடுத்துக்கொள்வோமாயின் இவற்றின் இயல்பு விளங்கும். ஒரு குறையை நாளொன்றுக்கு அதன் பத்திலொரு பங்கு வீதம் திருத்தும் ஒருவர், அக்குறையின் பழைய அளவை மட்டுமே அறிகின்றார் எனக் கொள்க. செய்தி மூன்று நாள் தாமதித்தால் குறை அமைதியாகத் தீரும். ஐந்து நாள் தாமதித்தால் திருத்தம் மிகைப்பட்டு, அங்குமிங்கும் அலைந்து தணியும். 16 நாள் தாமதித்தால் அலைவு தணியாது வளர்ந்துகொண்டே போகும். திருத்தும் வேகம் மாறவேயில்லை. தாமதம் ஒன்றே மாறியது. வேகத்தையும் தாமதத்தையும் பெருக்கிவரும் தொகை 0.37 ஐக் கடக்கும்போது அலைவு தோன்றுகின்றது, 1.57 ஐக் கடக்கும்போது அது கட்டுமீறுகின்றது.

இத்தகைய சமன்பாடுகளுக்கு இரு முனைகளிலும் எல்லை நிபந்தனை விதிக்கப்படும்போது எழும் பிரசினங்களை முறையாக ஆராய்ந்தவர்கள் சாள்ஸ் லாங்கே, றொபேட் மியூரா ஆகிய இருவர். 1982 இல் தொடங்கி 1994 வரை அவர்தம் கட்டுரைத் தொடர் வெளிவந்தது. அவர்களைத் தூண்டியது நிலத்தடி நீரன்று. நரம்புக் கலங்கள் தூண்டப்படும் முறைபற்றி ஸ்ரைன் என்பார் 1965 இல் அமைத்த மாதிரியே. பெயர்ச்சி மிகச் சிறிதாயின் அதனை விரித்தெழுதி, முதல் உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை விட்டுவிடலாம் என்பதே பொதுவான எண்ணம். எல்லையை ஒட்டிய படை மிக ஒடுங்கியதாக இருக்கும்போது அவ்வெண்ணம் ஏமாற்றும் என்று 1994 ஆம் ஆண்டுக் கட்டுரைகள் காட்டின. பெயர்ச்சி சிறிதாகவே இருந்தும், சற்றுக் கூடியவுடன் எல்லைப்படையின் தன்மை மாறும்; சிலபோது அப்படையே அழியும்; விரைந்த அலைவுகளும் தோன்றும். பெயர்ச்சி சிறிது என்பது எதனோடு ஒப்பிட்டு என்பதே வினா. தீவின் அகலத்தோடன்று, படையின் தடிப்போடு ஒப்பிடல் வேண்டும். தமிழகத்திலும் இத்துறை வளர்ந்துள்ளது. திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் என். இராமானுஜமும் அவர்தம் மாணவரும் இவ்வகைப் பிரசினங்களை எண்முறையால் தீர்க்கும் வழிகளை ஆராய்ந்தனர். கரையிலிருந்து 20 மீற்றரில் உள்ள கிணற்றுக்கு 10 மீற்றர்ப் பெயர்ச்சி சிறிதன்று என்பதை அறிய இத்துணைக் கணிதமும் வேண்டியதில்லைதான். ஆயினும் கரையூராரின் பட்டறிவும் கணிதரின் தேற்றமும் ஓரிடத்திற் சந்திப்பது காணத்தக்கது.

20 ஆம் நூற்றாண்டு தீவகத்தின் எல்லைகளைப் பலவாறு பெயர்த்தது. பண்ணைத் தாம்போதியும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியும் மக்களுக்கு வழியாயின. பரவைக் கடலின் ஓட்டத்துக்குத் தடையுமாயின. 1950 களின் பின்னர் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவ, துலா மறைந்தது. துலாவோடு மறைந்தது அதன் தாமதமும் ஆகும். துலாவின் மெதுவே கிணற்றின் காவல் என்பதை இயந்திரம் வாங்கியவர் எண்ணவில்லை. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நீர் வேண்டியிருந்தபோது அவ்வாறு எண்ணுமாறு அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அதே காலத்திலேயே பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்கு ஓர் ஆறு சமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். உவர்நீரின் எல்லையையே மனித முயற்சியாற் பின்தள்ளக் கருதிய பெருந்திட்டம் அது, முழுமையாக நிறைவேறவில்லை. நிறைவேறியிருப்பினும் கடல்நடுத் தீவுகளை அது நேரே எட்டியிராது.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் போரினால் வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்களிற் பெரும்பாலோர் வெளியேறினர். இறைப்பு நின்றது. கணக்கின்படி வில்லை தடித்திருத்தல் வேண்டும்; இறைப்பை மட்டும் எண்ணும் கணக்கு அது. மழைநீரைத் தேக்கி நிலத்துள் இறக்கிய குளங்களும் கேணிகளும் ஆளின்றித் தூர்ந்தன. உவரைத் தடுத்த வரம்புகளைக் கட்டுவாரில்லை. எடுப்பவர் போனபோது கொடுப்பவரும் போயினர். மனிதன் நன்னீரை உண்பவன் மட்டுமல்லன், அதன் எல்லையைக் காப்பவனும் அவனே என்பதை ஆளற்ற ஊர்களின் கிணறுகள் காட்டின.

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையில் வேறொரு பாடத்தைத் தந்தது. கடல்நீர் புகுந்த கிணறுகளை நல்லெண்ணத்தோடு மீண்டும் மீண்டும் இறைத்துத் துப்புரவு செய்தனர். மிகையாக இறைத்தமை பலவிடத்து உவரை மேலிழுத்து மீட்சியைத் தாமதப்படுத்தியது. கிணறுகளைத் திருத்தியவை பின்வந்த மழைகளே. தாமதத்தோடு செயற்படும் ஒன்றை அவசரப்பட்டுத் திருத்தினால் நேர்வது அது.

ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் 1853 முதல் ஹார்லெமுக்கு அண்மையிலுள்ள கடற்கரை மணற்குன்றுகளிலிருந்து குடிநீர் பெற்றது. நகரம் வளர, இறைப்பும் வளர, அடியிலிருந்து உவர் ஏறிவந்தது. 1957 இல் றைன் ஆற்றின் நீரைக் குழாய்வழியாகக் கொண்டுவந்து அக்குன்றுகளுக்குள் இறக்கத் தொடங்கினர், வில்லை மீண்டது. கடனைத் திருப்பிக் கொடுக்க அவர்களுக்கு ஓர் ஆறு இருந்தது. நயினாதீவாகிய ஹார்லெமுக்கும் காரைதீவாகிய அம்ஸ்ரடாமுக்கும் வானமன்றி ஆறில்லை. 2024 இல் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. புங்குடுதீவில் தூர்ந்த குளங்கள் சிலவற்றை ஊரவரும் புலம்பெயர்ந்தோரும் சேர்ந்து மீண்டும் தோண்டியுள்ளனர். மாரி மழைக்கு முன் குளத்தைத் தோண்டுபவர், அதன் பயனை எந்தக் கோடையில் எந்தக் கிணற்றில் காண்பார் என்று கூறுதல் அரிது. அடியிலுள்ள எல்லை அவருக்குப் பின்னரும் நெடுநாள் அசைந்துகொண்டிருக்கும்.